ஓர் இசைத்தட்டும் ஒரு நண்பரும்

மருத்துவமனை மடலில் இசையைப் பற்றி எழுதலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. நரம்பியல் பிரிவின் சார்பில் இதுவரை வலிப்பு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி என்றே எழுதி வந்திருக்கிறோம். இம்முறை, 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு ராக் இசைத்தட்டைப் பற்றி எழுதுகிறோம். அதற்குக் காரணம், சென்ற மாதம் வெளிநோயாளர் பிரிவில் ஓர் அம்மையார் கேட்ட கேள்வி.

மறதி நோய் முற்றிய கணவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை சென்றவர் திரும்பி நின்றார். “டாக்டர், இவர் என் பக்கத்துலயேதான் இருக்கார். ஆனா எந்நேரமும் இவர் ஞாபகமாவே இருக்கு. இப்படி நினைக்கிறது தப்பா?” என்றார். தப்பில்லை அம்மா என்று சொல்லி அனுப்பினோம். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். சொன்னது போதாது என்பது அன்றிரவு வீடு திரும்பும்போது உறைத்தது. அந்தக் கேள்வியை இதற்கு முன்பும் நாங்கள் கேட்டிருக்கிறோம், ஓர் இசைத்தட்டின் வடிவில்.

2005ஆம் ஆண்டு, பொது மருத்துவ முதுநிலைப் படிப்பின் முதலாண்டு. விடுதி அறையில் நால்வர் தங்கியிருந்தோம். எங்கள் மூவருக்கும் இசை என்றால் இளையராஜா, ரகுமான். அதற்கப்பால் மார்கழியில் வானொலியில் வரும் கச்சேரி. நான்காமவர்தான் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைக் கொண்டு வந்தார். கொண்டு வந்தது இசைத்தட்டை அன்று. யாரிடமிருந்தோ நகலெடுத்த ஐந்து எம்பி3 கோப்புகள்; அவற்றை ஒட்டுப் போட்டுச் சேர்த்த ஒரு கணினியில் இட்டு, இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளில் கேட்கச் செய்தார். (உரிய விலை கொடுத்து அந்த ஆல்பத்தை வாங்கியது சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.)

முதல் தடவை கேட்டபோது கணினி பழுதாகிவிட்டது என்றே நினைத்தோம். ஏதோ ஒன்று மெல்ல எழுந்து வருகிறது. கீபோர்டில் நீண்டு கிடக்கும் ஒரு சுரம். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் எழுமே, அது போன்ற ஓசை. அவை உண்மையிலேயே கண்ணாடிக் கோப்பைகள்தாம் என்று பின்னாளில் படித்தோம். வீட்டுப் புழக்கப் பொருள்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் செய்ய அக்குழுவினர் முயன்று கைவிட்டிருந்தனர். அந்த முயற்சியில் மிஞ்சிய ஒலி இங்கே பயன்பட்டது. ஏறக்குறைய நான்கு நிமிடங்கள் கழிந்த பின் கிதாரில் நான்கு சுரங்கள் விழுகின்றன. மீண்டும் அதே நான்கு. அவற்றுக்கு விடை வருவதில்லை. மனிதக் குரல் கேட்க ஒன்பது நிமிடத்துக்குச் சற்றே குறைவாகக் காத்திருக்க வேண்டும். “இந்நேரம் நம்ம ஊர்ப் பாட்டுல ரெண்டு சரணம் முடிஞ்சிருக்கும்டா” என்று எங்களில் ஒருவர் சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது. “கொஞ்சம் இரு, ஆலாபனைன்னு நினைச்சுக்கோ” என்றார் நண்பர்.

பிடித்துப்போனது அன்றல்ல. சில வாரங்கள் கழித்து ஒரு விடியற்காலையில். அன்று இரவுப் பணியில் இரண்டு மரணங்கள். இரண்டாமவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். குடும்பத்தாரிடம் செய்தியைச் சொல்லிவிட்டு, படிவங்களை நிரப்பிவிட்டு அறைக்கு வந்தபோது நண்பர் அந்த ஆல்பத்தைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டிருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த ஒன்பது நிமிடங்கள் அன்று நீளமாகத் தெரியவில்லை. துக்க வீட்டுக்குள் நுழைபவர் உடனே பேசத் தொடங்குவதில்லை அல்லவா? திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த இசையும் அப்படி உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு பித்துப் பிடித்தவர்களைப் போலக் கேட்டோம். மொத்தம் ஐந்தே உருப்படிகள். ஓடும் நேரம் 44 நிமிடங்கள். ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ என்ற நெடும்பாடல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. அதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை முதலிலும் மறுபாதியை இறுதியிலும் வைத்தார்கள். கிதார் வாசித்த டேவிட் கில்மருக்கு இந்தப் பிளவில் உடன்பாடில்லை. பாடல் வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ் பிடிவாதமாக நின்றார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டும் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் அவர் பக்கம் சாய்ந்தனர். எங்கள் கணிப்பில் வாட்டர்ஸ் செய்ததே சரி. நடுவில் இருக்கும் மூன்றில் இரண்டு இசை வணிகத்தின் மீதான கசப்பைப் பேசுபவை. ஒரு பாடலை ராய் ஹார்ப்பர் என்ற வெளிப் பாடகர் பாடியிருக்கிறார். நன்றாகவே இருக்கின்றன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை.

ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய நான்காம் பாடலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருவர் வானொலியின் குமிழைத் திருகுகிறார். இரைச்சல், பேச்சுத் துணுக்குகள், சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியில் ஒரு துளி, பிறகு ஒரு கிதார். அந்தக் கிதார் வானொலிக்குள் இருக்கிறது. மெலிந்து, தகரத்தில் பட்டது போல ஒலிக்கிறது. சற்று நேரத்தில் இன்னொரு கிதார் சேர்கிறது. இது நம் பக்கத்தில், அதே அறையில் கேட்கிறது. விரல் கம்பியில் உராய்வதும், வாசிப்பவர் இருமி மூச்சிழுப்பதும்கூடக் காதில் விழுகின்றன. தன் அறையில் தனியே உட்கார்ந்து, எங்கிருந்தோ வரும் ஒலியோடு சேர்ந்து வாசிக்கும் ஒருவர். இரண்டு கிதாரும் ஒரே சுருதியில் பேசிக்கொள்கின்றன. ஆனால் வானொலிக்குள் இருப்பவருக்கு இவர் வாசிப்பது கேட்காது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் நான்காம் நண்பர்தான். அந்தப் பெயர், வெளியூர் சென்றவர்கள் வீட்டுக்கு எழுதும் அஞ்சலட்டையில் வழக்கமாக இடம்பெறும் ஆங்கில வாசகம். நீயும் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அதன் பொருள். இசைத்தட்டின் உறைக்குள் உண்மையாகவே ஓர் அஞ்சலட்டையை வைத்து விற்றார்கள்.

அவ்வாண்டின் இறுதியில் அவர் மாறத் தொடங்கினார். முதலில் உறக்கம் கெட்டது. பின்னர் உணவுக்கூடத்துக்கு வருவது நின்றது. அறையில் நாங்கள் பேசுவதை யாரோ ஒட்டுக் கேட்பதாகச் சொன்னார். ஒலிபெருக்கிகளைத் துணியால் மூடி வைத்தார். மூவரும் மருத்துவர்கள், மனச்சிதைவு நோயின் தொடக்க அறிகுறிகளை எந்தத் தேர்விலும் வரிசை தவறாமல் எழுதக்கூடியவர்கள். ஆனால் எதிர்க் கட்டிலில் அவை ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தபோது, படிப்புச் சுமை என்றோம், காதல் தோல்வியோ என்று ஐயுற்றோம், சிலமுறை எரிச்சலும்பட்டோம். 2006 பிப்ரவரியில் அவருடைய தந்தை வந்து ஊருக்கு அழைத்துச் சென்றார். பெட்டியை இறக்கி வைக்க உதவினோம். அடிக்கடி பேசுவதாகச் சொன்னோம். இரண்டு முறை பேசினோம். மறுமுனையில் நீண்ட மௌனம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு பேசவில்லை.

(இதை எழுதுவதற்கு அவரிடம் இசைவு பெற்றோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.)

அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிட் பாரெட் என்பவர் 60ஆம் வயதில் கணையப் புற்றுநோயால் இறந்தார். செய்தித்தாளில் வந்த அஞ்சலிக் குறிப்பு ஒன்றின் வழியாகத்தான், எண்ணற்ற முறை கேட்ட அந்த ஆல்பம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

பிங்க் ஃபிளாய்டின் முதல் தலைவர் அவர். தமக்குப் பிடித்த இரண்டு புளூஸ் கலைஞர்களின் பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயரிட்டவர். தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர். அவருடைய தந்தை கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்தவர் என்பதும், மகனுக்குப் பதினாறு வயது நிறைவதற்குள் 1961இல் புற்றுநோய்க்கு இரையானார் என்பதும் எங்களைப் போன்றவர்களின் கண்ணில் படாமல் போகாது. 1967இல் முதல் ஆல்பம் வெளிவந்து புகழ் தேடி வந்த அதே மாதங்களில் சிட்டின் மனநிலை குலையத் தொடங்கியது. எல்எஸ்டி என்னும் போதைப்பொருளை அவர் பயன்படுத்தியது உலகறிந்த செய்தி. மேடையில் வாசிக்காமல் வெறித்து நிற்பார். நண்பர்கள் பேசினால் விடை வராது. அவருக்கு இன்ன நோய் என்று பலரும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நேரில் பார்க்காதவருக்கு நோய் கணிப்பது எங்கள் தொழில் மரபன்று. ஆதலால் அதைச் செய்யமாட்டோம்.

1968 ஜனவரியில் ஒருநாள், நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட வண்டியில், சிட்டை அழைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. வண்டி அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் போய்விட்டது. அவரது இடத்துக்கு வந்த கில்மர், கேம்பிரிட்ஜில் அவருடன் வளர்ந்த நண்பர். 1970இல் சிட் தனியாக வெளியிட்ட இரண்டு ஆல்பங்களையும் முடித்துத் தர உதவியவர்களுள் கில்மரும் வாட்டர்ஸும் ரைட்டும் உண்டு. எனவே முற்றிலும் கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. உடனிருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்த இடைநிலையை நாங்கள் அறிவோம்.

1975 ஜூன் மாதம், லண்டனின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ஷைன் ஆன்’ பாடலின் ஒலிக்கலவைப் பணி நடந்துகொண்டிருந்தது. பருத்த உடலும் மழித்த தலையுமாக ஒருவர் உள்ளே வந்து நின்றார். யாரோ பணியாளர் என்று எண்ணியவர்களும், மற்றவரின் விருந்தினர் என்று எண்ணியவர்களும் இருந்தனர். அவர் சிட் என்பது தெரியச் சற்று நேரம் பிடித்தது. தெரிந்தபோது வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அவரைப் பற்றி எழுதிய பாடல், அவரில்லாத வெறுமையைப் பாடிய பாடல், அதே அறையில் ஒலித்துக்கொண்டிருந்தது. அவரோ அங்கே நின்றுகொண்டிருந்தார். இத்தகைய நிகழ்ச்சியை ஒருவர் கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

ஏழாண்டுகளுக்கு முன்வரை தினமும் பார்த்த முகத்தை எப்படி அடையாளம் காணாமல் போவார்கள் என்று கேட்கலாம். எடை கூடியிருந்தது, முடி இல்லை என்பவை ஒருபுறம் இருக்க, சிட் தம் புருவங்களையும் மழித்திருந்தார். முகத்தை அடையாளம் காண்பதில் கண்களே முதன்மையானவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், புகழ்பெற்றவர்களின் புகைப்படங்களில் கண்களை நீக்கிக் காட்டியபோது ஏற்பட்ட தடுமாற்றத்தைவிடப் புருவங்களை நீக்கிக் காட்டியபோது ஏற்பட்ட தடுமாற்றம் அதிகமாக இருந்தது. புற்றுநோய்ப் பிரிவில் உடனிருப்போர் இதை ஆய்வு இல்லாமலே அறிவார்கள். வேதிச் சிகிச்சையில் தலைமுடி உதிர்வதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். புருவமும் உதிரும்போதுதான் குழந்தை தாயிடம் போக மறுக்கிறது. அதில் குழந்தையின் குற்றம் ஏதும் இல்லை. தாயின் குரலைக் கேட்கச் செய்யுங்கள், குரல் மாறுவதில்லை.

பாடலின் பெயரில் உள்ள ‘கிரேஸி’ என்ற சொல்லைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். பைத்தியம் என்ற சொல்லை எங்கள் பிரிவில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். முதலில் அந்தத் தலைப்பு எங்களுக்கு உறுத்தியது. இப்போது உறுத்துவதில்லை. வேடிக்கை பார்ப்பவர் வாயில் அச்சொல் கல். உடன் விளையாடியவர் வாயில் அது வேறு. மேதைமைக்கும் மனநோய்க்கும் முடிச்சுப் போட்டு அதை ஓர் அலங்காரமாக்கும் எழுத்துகள் சிட்டைப் பற்றி நிறைய உண்டு. அவை எங்களுக்கு ஏற்புடையவை அல்ல. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் மிகுதி.

அஞ்சலிக் குறிப்பைப் படித்த அன்றே ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தேர்வு, இரவுப் பணி, ஆய்வேடு. டிசம்பரில்தான் எங்களில் இருவர் பேருந்து ஏறினோம், தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூருக்கு. கதவைத் திறந்தவரை ஒரு கணம் அவருடைய அண்ணன் என்று எண்ணினோம். மருந்தினால் இருபது கிலோ கூடியிருந்தார். பேச்சு மெதுவாக வந்தது. கேட்டதற்கு மட்டும் விடை சொன்னார். ஆனால் மருந்து வேலை செய்துகொண்டிருந்தது, உறங்கினார், உண்டார். அவருடைய தாயார் அடுக்களை வாசலில் எங்களை நிறுத்தி, “தம்பி, இவன் இங்கதான் இருக்கான். நானும் இவனைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், வெளிநோயாளர் பிரிவில் அந்த அம்மையார் கேட்டபோது எங்கள் காதில் விழுந்தது இந்தக் குரலும்தான்.

இதற்கு மருத்துவ இலக்கியத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல அறிஞர் 1970களில் இதைத் தெளிவற்ற இழப்பு என்று குறித்தார். இரண்டு வகை சொன்னார். ஒன்று, ஆள் இல்லை, ஆனால் மனத்தில் இருக்கிறார்: போரில் காணாமற்போனவர், கடலுக்குச் சென்று திரும்பாதவர். மற்றொன்று, ஆள் இருக்கிறார், ஆனால் பழகிய மனிதர் அவருக்குள் எட்டாத தொலைவில் இருக்கிறார்: மறதி நோய், தலைக்காயம், தீராத மனநோய், சில பக்கவாதங்கள். இறப்பு நேர்ந்தால் ஊர் கூடும், சடங்கு உண்டு, பதினாறாம் நாள் உண்டு. இந்த இழப்புக்கு அவை எவையும் இல்லை. அழுதால், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், ஏன் அபசகுனமாக அழுகிறாய் என்பார்கள். ஆகவே உடனிருப்பவர் அழுகையையும் மறைத்து, அதற்காகக் குற்ற உணர்வும் கொள்கிறார். எதிரில் இருப்பவர்மேல் ஏக்கம் கொள்வதும், அவரைப் பராமரிப்பதும் ஒரே நேரத்தில் ஒரே மனத்தில் நிகழக்கூடியவை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. அம்மையாரிடம் நாங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது. அடுத்த முறை வந்தபோது சொன்னோம். கணவர் பாடும் பழக்கம் உள்ளவரா என்றும் கேட்டோம். ஏ. எம். ராஜா என்றார்.

உங்களுள் யாருக்கேனும் இந்தப் பாரம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தால், நோயாளிக்காக வரும்போது உங்களுக்காகவும் இரண்டு நிமிடம் கேளுங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறோம். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

நண்பர் முதுநிலைப் படிப்பை முடிக்கவில்லை. இன்று தம் ஊரில் காலை வேளைகளில் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறார். மருந்தை ஒருநாளும் விடுவதில்லை. பழைய வேகம் திரும்பவில்லை. பழைய நகைச்சுவை எப்போதாவது தலைகாட்டும். இக்கட்டுரைக்கு இசைவு கேட்டு அழைத்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். இப்போதெல்லாம் அந்த மௌனத்துக்கு நாங்கள் அஞ்சுவதில்லை, காத்திருக்கப் பழகிவிட்டோம். பிறகு, “கடைசி நிமிஷத்தைக் கவனிச்சீங்களாடா?” என்றார்.

எதை என்று கேட்டோம்.

ஆல்பத்தின் இறுதியில், எல்லாக் கருவிகளும் அடங்கிய பின், ரைட்டின் கீபோர்டு மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. அந்தத் தேய்வுக்குள், 1967இல் சிட் எழுதிய ‘சீ எமிலி ப்ளே’ என்ற பாடலின் மெட்டு ஒரு கீற்றாக வந்து மறைகிறது என்றார். இருபதாண்டுகளாகக் கேட்டும் எங்களுக்கு அது தெரியாது. இசை முடிந்துவிட்டது என்று எப்போதும் அதற்கு முன்பே எழுந்துவிடுவோம்.

அன்றிரவு கேட்டோம். இருக்கிறது. சில நொடிகள்தாம்.